வாடைக் காலத்துப் பதிவேடு

பனிக்காலம் என்னும் சொல்லைப் பினாங்குத் தமிழ் மாணவன் முதன்முதலாகச் சந்திப்பது பாடநூலில்தான். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர், மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி என்று அவன் மனப்பாடம் செய்கிறான். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெறுகிறான். ஆனால் தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் படிகளில் ஏறும்போது அவன் நெற்றியில் வழிவது வியர்வையே அன்றிப் பனித்துளி அன்று. அந்நாள்களில் வானம் வெளுத்துக் கிடக்கும்; புல்வெளிகள் பழுப்பேறும். ஜார்ஜ் டவுன் தெருக்களில் நண்பகல் வேளையில் நிழலைத் தேடித்தான் நடக்க வேண்டும்.

அந்நகரில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் நீளமான கணக்குப் புத்தகம் ஒன்று உண்டு. நவம்பர் முதல் மார்ச் வரையிலான ஐந்து மாதங்களுக்கு மட்டுமே அதில் இடம். இடப்பக்கத்தில் ஊர்ப் பெயர்கள் மேலிருந்து கீழாக வரிசையாக நிற்கும்: சூப்பிங், அலோர் ஸ்டார், பாயான் லெப்பாஸ், ஈப்போ, சித்தியவான், கேமரன் மலை, கோத்தா பாரு, குவாந்தான், மெர்சிங், கூச்சிங், சண்டாக்கான், தாவாவ். எதிரே மழையளவு, உச்ச வெப்பம், தாழ்ந்த வெப்பம், மழை பெய்த நாள்கள் ஆகியவை. வானிலைத் துறையின் மாதச் சுருக்கத்திலிருந்து எடுத்தெழுதிய எண்கள் அவை. கடைசியில் ஒரு கட்டம் மட்டும் துறையின் சுருக்கத்தில் இல்லாதது. ‘எப்போது?’ என்று அதற்குத் தலைப்பிட்டிருக்கிறார். பெரும்பாலான ஊர்களுக்கு அக்கட்டம் வெறுமையாகவே கிடக்கும். அவர் வாழும் ஊருக்கு மட்டும் அது நிறைந்திருக்கும்.

இப்புத்தகத்தைப் புரட்டுவோர்க்கு முதலில் விளங்குவது, ஒரே காற்று ஊருக்கோர் உருவம் கொள்கிறது என்பதே. சைபீரியப் பெருவெளியில் குளிர்ந்து கனத்த காற்று சீனாவைக் கடந்து தென்சீனக் கடல்மேல் இறங்குகிறது. இறங்கும் வழியெல்லாம் கடலின் ஈரத்தைக் குடிக்கிறது. கிளந்தான், திரங்கானு, பகாங் கரைகளில் மோதியதும் குடித்ததையெல்லாம் கொட்டித் தீர்த்துவிடுகிறது. கோத்தா பாருவில் டிசம்பர் மாதத்துச் சராசரி மழை 500 மில்லிமீட்டரைத் தாண்டும். மிச்சமிருப்பதைத் திதிவங்சா மலைத்தொடர் தடுத்துக்கொள்ள, மேற்குக் கரைக்கு வந்து சேர்வது வறண்ட காற்று. பாயான் லெப்பாஸில் ஜனவரிச் சராசரி ஏறத்தாழ 70 மில்லிமீட்டர்தான். இரண்டு கரைகளுக்கும் இடைப்பட்ட தொலைவோ, அரை நாள் பேருந்துப் பயணத்துக்குள் அடங்குவது.

இதே வடகிழக்குக் காற்றைத்தான் தமிழகமும் ஐப்பசி முதல் எதிர்பார்த்திருக்கிறது. சென்னையின் ஏரிகள் நிரம்புவதும் கிளந்தான் ஆறு கரையுடைப்பதும் ஒரு பருவத்தின் இரு செயல்கள். சங்கப் புலவர் வாடை என்று அழைத்ததும் வடக்கிலிருந்து வரும் காற்றையே. நெடுநல்வாடையைப் பாடம் நடத்தும் ஆசிரியர், தென்சீனக் கடலின் வரைபடத்தையும் கரும்பலகையில் ஒருமுறை வரைந்து காட்டினால் என்ன? பருவம் என்பதற்கு மலாய்க்காரர் வழங்கும் ‘மூசிம்’ என்ற சொல்லும் ஆங்கிலேயர் வழங்கும் ‘மான்சூன்’ என்ற சொல்லும் அரபுச் சொல் ஒன்றிலிருந்தே கிளைத்தவை. காற்றை நம்பிக் கப்பலோட்டியவர்கள் துறைமுகந்தோறும் விட்டுச்சென்ற சொல் அது.

பாயான் லெப்பாஸ் நிலையத்துக்கு உலக வானிலை வரிசையில் 48601 என்று எண். 1935இல் திறக்கப்பட்ட விமானத் தளத்தை ஒட்டிய நிலையம் இது. விமானிக்குக் காற்றின் திசை தெரிந்தாக வேண்டும். ஆதலால் நாட்டின் முதன்மையான வானிலை நிலையங்களில் பல விமானத் தளங்களிலேயே அமைந்துவிட்டன. புல்தரையில் வெள்ளை வண்ணம் பூசிய மரக்கூண்டு ஒன்று. வெயில் நேரே படாமலும் காற்று தடையின்றிப் புகவும் ஏற்ற வகையில் அதற்குச் சாய்ந்த பலகைச் சுவர்கள். உள்ளே வெப்பமானிகள். அக்கூண்டை வடிவமைத்த தாமஸ் ஸ்டீவன்சன், கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியாளர்; எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் தந்தை. சற்றுத் தள்ளி மழைமானி. வேறோரிடத்தில் கண்ணாடிப் பந்து ஒன்று; அது கதிரவன் ஒளியைக் குவித்து அட்டையில் கரிக்கோடு எரிக்கும். மேகம் மறைத்தால் கோடு அறுந்துவிடும். மாலையில் அட்டையை எடுத்துக் கோட்டை அளந்தால் அன்றைய வெயில் நேரம் கிடைக்கும். தைமாதத்தில் பினாங்கின் அட்டையிலே கோடு நீண்டு ஓடும். கோத்தா பாருவின் அட்டையோ பல நாள்களில் வெறும் அட்டையாகவே திரும்பும்.

இன்று தானியங்கிக் கருவிகள் வந்துவிட்டன. ஆனால் பழைய ஏடுகளை ஒப்பிட விரும்புவோர் சில பள்ளங்களைத் தாண்டியாக வேண்டும். முற்காலத்து மழை அங்குலத்திலும் வெப்பம் பாரன்ஹீட்டிலும் எழுதப்பட்டவை. கடிகாரமும் ஒருமுறை நகர்ந்தது. கிரீனிச் நேரப்படி நாள் தொடங்கும் வேளை, 1981 முடிய மேற்கு மலேசியாவில் காலை ஏழரை மணி. 1982 ஜனவரி முதல் நாள் கடிகாரங்கள் அரைமணி முன்னே தள்ளி வைக்கப்பட்டதும் அதே வேளை எட்டு மணியாயிற்று. கதிரவனுக்கு இதில் யாதொரு பங்கும் இல்லை. எல்லாவற்றிலும் பெரிய பள்ளம் போர்க்காலத்துப் பள்ளம். வடகிழக்குப் பருவக் கடலில் படையிறக்க எவரும் துணியார் என்ற நம்பிக்கை பலர்க்கு இருந்தது. தளபதி டோபி அது பொய்க்கக்கூடும் என்று 1937லேயே எச்சரித்திருந்தார். 1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியர் கொந்தளிக்கும் அலைகளினூடே கோத்தா பாருவில் இறங்கினர். 11ஆம் நாள் ஜார்ஜ் டவுன்மேல் குண்டுகள் விழுந்தன. அதன்பின் 1945 வரை பல ஊர்களின் பத்திகளில் எண்கள் இல்லை. மழை பெய்யாமல் இருந்திருக்குமா? அளப்பார் இல்லை, அவ்வளவே.

ஆசிரியரின் புத்தகத்தில் சிவப்பு மையால் எழுதப்பட்ட எண்கள் சில உண்டு. 1967 ஜனவரி 6 அன்று கோத்தா பாருவில் ஒரே நாளில் 608 மில்லிமீட்டர். பாயான் லெப்பாஸின் எட்டு ஜனவரி மாதங்களைக் கூட்டினாலும் எட்டாத அளவு அது. 1978 பிப்ரவரி 1 அன்று கேமரன் மலையில் 7.8 பாகை செல்சியஸ். இந்நாட்டு நிலையங்கள் கண்ட மிகத் தாழ்ந்த வெப்பம். 2001 டிசம்பர் 27 அன்று, நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் சூறாவளி உருவாகாது என்ற பாடத்தைப் பொய்யாக்கி, வாமேய் புயல் ஜொகூரில் கரையேறியது. 2014 டிசம்பர் வெள்ளத்தில் கிளந்தான் முதலிய மாநிலங்களில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறினர். 2017 நவம்பர் 4 இரவு பினாங்கிலேயே காற்றும் மழையும் வெறிகொண்டு ஆட, ஏழு உயிர்கள் போயின. ஆண்டுக்கணக்கில் மலைத்தொடரின் மறைவில் அமைதியாக இருந்த ஊர், பருவத்தின் முதல் வாரத்திலேயே அவ்வாண்டு நிலைகுலைந்தது. மாதத்துக்கு ஓர் எண் என்று எழுதுகையில் அத்தகைய இரவு முப்பது நாள்களுக்குள் கரைந்துபோகிறது. சராசரிக்கு உள்ள குறை இதுதான்.

‘எப்போது?’ என்ற கட்டத்தின் கதை வேறு. அது 1961 ஜனவரியில், செபராங் பிறையில் இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் தொடங்கியது. ஆசிரியருக்கு அப்போது பத்து வயது. தந்தை பால் வெட்டுபவர். மலையடிவாரத்தை ஒட்டிய கடைசி நிரைகள் அவருடைய வெட்டு. ரப்பர் மரத்துக்குப் பெருமழை வேண்டுவதில்லை. விடியற்காலையில் பட்டை நனைந்தால் போதும். வெட்டிய பால் கோட்டின் வழியே மங்குக்கு இறங்காமல் மரத்தின் உடலெங்கும் பரவி வீணாகும். பிற்பகலில் கொட்டும் இரண்டு அங்குல மழையால் நேராத இழப்பு, காலை ஆறு மணித் தூறலால் நேர்ந்துவிடும். அத்தூறலும் தோட்டம் முழுவதும் ஒன்றுபோல் விழுவதில்லை. மலையோரத்தில் விழும், அலுவலகத்தருகே விழாது. போதாக்குறைக்கு அது மரங்கள் இலையுதிர்க்கத் தொடங்கும் காலம். வெள்ளைத் துரைமார் அதைக் குளிர்காலம் என்றே தங்கள் மொழியில் அழைத்தனர். இந்நாட்டுக்கு வாய்த்த பனிக்காலம் அது ஒன்றுதான் போலும்! புதுத்தளிர் வந்து முற்றும்வரை பாலும் குறைந்தே வரும்.

பால் வீணான ஒவ்வொரு நாளும் தந்தை வீட்டுச் சுவரில் அடுப்புக்கரியால் ஒரு கோடு கிழித்து வைப்பார். அம்மாதம் ஏழு கோடுகள். சம்பள நாளன்று பார்த்தால் அந்த ஏழு நாள்களுக்கும் அரைப்பேர்தான் போடப்பட்டிருந்தது. மகனைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் அலுவலகத்துக்குச் சென்றார்.

“மழைங்க ஐயா. பாலெல்லாம் வழிஞ்சி போச்சி.”

கிராணி கடுமையாகப் பேசவில்லை. அலுவலகத்துக்குப் பின்புறம் இருந்த மழைமானியின் ஏட்டை எடுத்து விரித்து, “இந்த மாசம் மழையே இல்லையேப்பா. புத்தகத்தில் இருப்பதைத்தான் நான் எழுத முடியும்” என்றார்.

தந்தைக்கு எண்கள் தெரியா. மகனுக்குத் தெரியும். அவன் எட்டிப் பார்த்தான். பெரும்பாலான நாள்களுக்குச் சுழியம். நாலைந்து இடங்களில் எண்ணுக்குப் பதிலாக ஆங்கில எழுத்து ஒன்று இருந்தது. அதன் பொருள் அவனுக்கு விளங்கவில்லை. இருவரும் திரும்பி நடந்தனர். வழியில் தந்தை பேசிய ஒரே பேச்சு, “புத்தகத்தில ஒண்ணும் இல்லையா?” என்பது. இல்லை என்று மகன் தலையாட்டினான்.

அவ்வெழுத்தின் பொருள் பல்லாண்டுகள் கழித்து, பயிற்சி பெற்ற ஆசிரியராகப் பினாங்குக்கு வந்தபின் ஒரு வானிலைக் கையேட்டில் அவருக்குக் கிடைத்தது. அளக்க இயலாத அளவுக்குச் சிறிய மழை, சுவடு. மழை விழுந்தது மெய். ஆயின் மாதக் கூட்டுத்தொகையில் அதற்கு மதிப்பு சுழியம். புத்தகத்தில் ஒன்றும் இல்லை என்று தலையாட்டிய பத்து வயதுச் சிறுவனை அவர் இன்றுவரை முற்றாக மன்னித்ததாகத் தெரியவில்லை. கிராணிமேல் அவருக்குக் கோபம் இல்லை. அந்த மனிதர் கருவி காட்டியதை உள்ளபடி எழுதியவர். ஒரு மழைமானியின் வாய் எட்டு அங்குல அகலம். அதற்கு வெளியே எங்கே பெய்தது என்று அதனிடம் கேட்பது முறையன்று. நாட்டுக்கு ஒரு நிலையம் போதாமல் வட்டாரந்தோறும் நிலையங்கள் வைத்ததும், அவையும் போதாமல் மேலும் மேலும் கருவிகள் நடுவதும் இக்காரணம் பற்றியே.

இப்போது பெயரன் கைபேசியைத் திறந்து, “தாத்தா, எல்லாம் இதிலேயே வருகிறதே, எதற்காக எழுதுகிறீர்கள்?” என்று கேட்பதுண்டு. அவர் மறுமொழி கூறுவதில்லை. எண்களை உரக்கப் படிக்குமாறு அவனையே பணிப்பார். கோத்தா பாரு, குவாந்தான், மெர்சிங் என்று அவன் படித்துக்கொண்டே வருவான், அவர் எழுதுவார். பாயான் லெப்பாஸ் வந்ததும் பேனா நிற்கும். மேசையில் கிடக்கும் நாட்காட்டியை எடுத்து, அம்மாதத்தில் விடியுமுன் தூறிய நாள்களை எண்ணுவார். வாசற்படி நனைந்திருந்த நாள்கள், கூரைத் தகரத்தில் ஓசை மட்டும் கேட்டு நின்ற நாள்கள் எல்லாவற்றுக்கும் அதில் சிறு புள்ளிகள் இருக்கும். எண்ணி முடித்ததும் கடைசிக் கட்டத்தில் எண்ணாக எழுதமாட்டார். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோடு கிழிப்பார்.