பாட்டிக்குத் தெரியாமல் ஒரு பெட்டி

பாகான் டத்தோ போகும்போதெல்லாம் தெலுக் இந்தானில் பசியாறிவிட்டுத்தான் மறுபடி காரை எடுப்பேன். அதற்குப் பிறகு மாமாவின் எட்டு ஏக்கர் வரும்வரை இருபுறமும் தென்னையும் செம்பனையும்தான்.

சின்ன வயதில் இங்கே இரவென்றாலே எனக்குப் பயம். கூகை கத்தினால் பாட்டி விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுவார். தாத்தா இறந்த வாரம் அது கூரைமேல் கத்தியதாம். தீபகற்ப மலேசியாவில் கூகை குஞ்சு பொரித்தது முதன்முதலில் பதிவானதே 1968இல், ஜொகூர் செம்பனைத் தோட்டம் ஒன்றில்தான். அந்தப் பறவை இங்கே பெருகுவதற்கு முன்பே அதைப் பற்றிய பயம் நம்மவர்களோடு கப்பலேறி வந்துவிட்டது!

அதே கூகைக்கு இப்போது மாமா பலகையில் பெட்டி செய்து, தோட்டத்தின் கடைக்கோடியில் கம்பம் நட்டு ஏற்றியிருக்கிறார். செம்பனையில் பொந்து கிடையாது; பெட்டி வைத்தால்தான் தங்கும். வாடகை எலிதான். குஞ்சுகளோடு இருக்கும் ஒரு ஜோடி ஆண்டுக்கு ஆயிரம் எலிக்கு மேல் தின்னும். நம் செம்பனைக் காட்டில் அதற்கு வேறு சாப்பாடே வேண்டாம். கம்பத்தடியில் கிடந்த கறுப்பு உருண்டை ஒன்றை மாமா குச்சியால் பிரித்துக் காட்டினார். கூகை கக்கியது. உள்ளே முடி, தாடை எலும்பு, மஞ்சள் பல்.

“ரெண்டாவது பெட்டி எங்க மாமா?” என்று கேட்டேன். போன வருடம் இரண்டு இருந்தன.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பழக்குலையை எலி கொறித்துத் தள்ளியபோது, பொறுக்க முடியாமல் கடையில் வீரியமான மருந்து வாங்கி வைத்தாராம். அந்த மாதிரி மருந்தைத் தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடித் திரியும். கூகைக்கு அதுதான் சுலபமான இரை. ஒரு காலையில் தாய்ப்பறவை மரத்தடியில் கிடந்தது. பெட்டிக்குள் குஞ்சுகள் இருந்தன.

“நான் வச்சதுதாம்மா. வேற யாரச் சொல்றது?”

அதற்குப் பிறகு மாமா மருந்தே வாங்கவில்லை. ஆனால் அந்தப் பெட்டிக்கு இன்னும் எதுவும் வரவில்லை. கழற்றிக் கொட்டகையில் வைத்திருக்கிறார். பெட்டி வைத்தால் மட்டும் போதும் என்று நினைப்பவர்களிடம் இதைத்தான் சொல்வேன்: மருந்தும் கூகையும் ஒரே தோட்டத்தில் ஒத்துப்போகாது.

இருட்டியதும் மீதமிருந்த பெட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்தோம். கொசு பிடுங்கியது. வெள்ளை முகம் ஒன்று வாசலில் தெரிந்தது. அடுத்த நொடி தலைக்குமேல் பறந்து போனது. இறக்கைச் சத்தம் துளிகூட இல்லை. ஒரு காது சற்று மேலே, மற்றது சற்றுக் கீழே இருப்பதால் கும்மிருட்டிலும் எலி ஓடும் இடம் அதற்குத் துல்லியமாகத் தெரியுமாம். பெட்டிக்குள்ளிருந்து குஞ்சுகள் நீராவி கசிவதுபோல் ‘உஸ்ஸ்’ என்று கத்தின. போனில் பதிவு செய்தேன்.

“காலை நிகழ்ச்சியில போடட்டுமா மாமா?”

“வேணாம்மா. பாட்டி ரேடியோ கேப்பாங்க.”