சவராவின் கறுப்பு மணல்

கொல்லத்திலிருந்து கருநாகப்பள்ளி பஸ்ஸில் ஏறினால் இடது பக்க ஜன்னலோரமாக உட்காருங்கள். நீண்டகரைப் பாலத்தில் அஷ்டமுடிக் காயல் கடலோடு கலப்பதும், வரிசையாக நிற்கும் மீன்பிடிப் படகுகளும் அந்தப் பக்கம்தான். பாலம் தாண்டிச் சவராவில் இறங்கிக் கடற்கரைக்குப் போனால் மணல் கறுப்பாகக் கிடக்கிறது. ஒரு பிடி அள்ளினேன். இரும்புத் தூள் மாதிரி கனம்!

நான் போனது வேடிக்கை பார்க்க மட்டுமல்ல. என் தங்கை பெண்ணை அங்கேதான் கொடுத்திருக்கிறோம். இப்போது அவளுக்கு நாலு மாதம். "அந்த மண்ணுல கதிர்வீச்சாமே, புத்துநோய் வருமாமே! கையோட கூட்டிட்டு வந்துடுக்கா" என்று தங்கை என்னை அனுப்பினாள்.

நாகர்கோவில்காரியான எனக்கு இந்த மணல் புதிதல்ல. எங்கள் மணவாளக்குறிச்சியிலும் உண்டு. 1909-ல் ஷாம்பர்க் என்ற ஜெர்மானியர், அங்கிருந்து போன தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டிய மண்ணில் மோனசைட் இருப்பதைக் கண்டார். அதில் உள்ள தோரியம்தான் கதிர்வீச்சுக்குக் காரணம். கல்யாண வீட்டுப் பெட்ரோமாக்ஸ் விளக்கின் மாண்டிலுக்கு அந்தத் தோரியம்தான் அந்நாளில் உதவியது.

கிளம்பும் முன் எங்கள் டாக்டரம்மாவிடம் விவரம் கேட்டுக் குறித்துக்கொண்டேன். மற்ற ஊர்களில் மண்ணிலிருந்து வரும் கதிர்வீச்சு வருஷத்துக்குச் சராசரி அரை மில்லி கிரே. இந்தக் கரையில் சில இடங்களில் 70 வரை. கேட்டதும் எனக்கும் திக்கென்றது. ஆனால் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தார் கருநாகப்பள்ளி வட்டாரத்தில் 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை வருஷம் கவனித்து, 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். 2005 வரை 1,379 பேருக்குப் புற்றுநோய் கண்டிருந்தது. ஆனால் கதிர்வீச்சு கூடிய இடங்களில் வசித்தவர்களுக்கு அது அதிகமாக வந்ததாகத் தெரியவில்லை. கர்ப்பிணிகளுக்கு இன்னொன்று: இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் 1995 முதல் 1998 வரை பிறந்த 36,805 குழந்தைகளைப் பரிசோதித்ததில், கதிர்வீச்சு கூடிய இடம், குறைந்த இடம் என்று பிறவிக் குறைகளில் வித்தியாசம் இல்லை. (இதைச் சாக்கு வைத்துக் கர்ப்பத்தை மறைத்து எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளாதீர்கள், அது வேறு விஷயம்.)

எனக்கு நிஜமாகப் பயம் வந்தது வீட்டுக்குள்ளேதான். சாப்பிட்டு முடித்ததும் சம்பந்தியம்மா வெற்றிலைச் செல்லத்தை என் பக்கம் நகர்த்தினார். உள்ளே கட்டுப் புகையிலை! அதே வட்டாரத்தில் பெண்களை மட்டும் ஆராய்ந்தபோது, தினம் 10 தடவைக்குக் குறையாமல் புகையிலை போடுகிறவர்களுக்கு வாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 9 மடங்காம். மண்ணுக்குப் பயந்து ஊரை விட்டு ஓடச் சொல்கிறவர்கள் இந்தப் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை, பார்த்தீர்களா?

"நான் ஒளிச்சு வச்சாலும் தேடி எடுத்துடறாங்க, பெரியம்மா" என்று சிரித்தாள் பெண். சம்பந்தியம்மாவிடம் பக்குவமாகச் சொன்னேன். "இனிமே குறைக்கிறேன்" என்றார். புகையிலையை மட்டும் தனியே எடுத்து வைக்கவும் செய்தார். எத்தனை நாளைக்கோ!

ராத்திரி தங்கைக்குப் போன் செய்தேன். "ஏழாம் மாசம் வளைகாப்பு போட்டு முறைப்படி அழைச்சுக்கலாம். இப்போ அவ இங்கேயே இருக்கட்டும்" என்றேன்.

"அப்போ அந்த மண்ணு?" என்றாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.