கப்பல் வழியே மூதாதையைத் தேடுதல்

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரிட்டனின் வணிகப் பாய்மரக் கப்பல்களில் உழைத்த மூதாதை ஒருவரைத் தேடும் குடும்பத்தார், இயல்பாகவே அவருடைய பெயரிலிருந்து தொடங்குகின்றனர். 1835ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மாலுமிகளுக்குப் பெயர்ப் பதிவேடு ஏற்பட்டது. போர் மூண்டால் கடற்படைக்கு ஆள் திரட்டுவதே அதன் நோக்கம். 1845 முதல் 1853 வரை நடைமுறையிலிருந்த பதிவுச்சீட்டு முறையில் உயரம், கண்ணின் நிறம், உடலின் அடையாளங்கள், முதன்முதலில் கடலேறிய ஆண்டு ஆகியனவும் குறிக்கப்பட்டன. படம் எடுத்துக்கொள்ள வசதியற்ற ஓர் ஏழை மாலுமியின் தோற்றத்தைச் சந்ததியார் அறிவதற்கு இதனினும் நெருக்கமான சான்று அரிது.

எனினும் 1857இல் பெயர்ப் பதிவேடு கைவிடப்பட்டு, 1913இல்தான் மீண்டும் தொடங்கியதால், இடைப்பட்ட காலத்தவரைத் தேடுவோர் ஆளை விடுத்துக் கப்பலைப் பற்றிக்கொள்ள வேண்டியதாகிறது. கப்பலின் பெயர் மாறினாலும் மாறாத அதிகாரபூர்வ எண் 1855 முதல் வழங்கப்பட்டது. மாலுமிகளின் ஒப்பந்தப் பத்திரங்கள் அந்த எண்ணின்படியே அடுக்கப்பட்டன. 1863க்குப் பிந்தைய பத்திரங்களில் ஏறத்தாழ 70 சதவீதம் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மெமோரியல் பல்கலைக்கழகத்திலும், 10 சதவீத மாதிரி லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலும், 5இல் முடியும் ஆண்டுகளுக்குரியவற்றில் பெரும்பகுதி கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்திலுமாகச் சிதறிக் கிடப்பதால், ஒரே மனிதரின் வாழ்க்கையைக் கோக்கப் பல வாசல்களைத் தட்ட நேர்கிறது.

தேடல் பலித்து அப்பத்திரம் கைக்கு வரும்போது, பெயர், வயது, பிறந்த ஊர், முந்தைய கப்பல், மாதச் சம்பளம், விடுவிக்கப்பட்ட நாள் ஆகியவை ஒரே வரியில் வரிசையாக நிற்கின்றன. எழுதத் தெரியாதவர் கையெழுத்துக்குப் பதிலாகப் பெருக்கல் குறி இட்டிருப்பார். அச்சிட்ட உணவு அட்டவணையும் அதே பத்திரத்தில் உண்டு: பெரும்பாலும் ஆளுக்கு நாளொன்றுக்கு 1 பவுண்டு கடின பிஸ்கட், முறைவைத்து உப்பிட்ட மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும், குடிக்கவும் சமைக்கவுமாக 3 குவார்ட் (சுமார் 3.4 லிட்டர்) தண்ணீர். காய்கனி இன்மையால் ஈறு வீங்கி இரத்தம் கசியும் ஸ்கர்வி நோயைத் தடுக்க எலுமிச்சைச் சாறும் கொடுக்கப்பட்டது.

மாலுமிகள் இரு குழுக்களாகப் பிரிந்து நான்கு மணிநேரம் வேலையும் நான்கு மணிநேரம் ஓய்வுமாக மாறிமாறிப் பணிசெய்தனர். ஒரே குழுவுக்கு நாள்தோறும் ஒரே நேரம் வாய்க்காதிருக்க, மாலை 4 முதல் 8 வரையிலான முறை இரண்டாகப் பிளக்கப்பட்டது. ஓய்வுநேரம் என்பது பெயரளவே. புயலடித்தால் எல்லோரும் மேலேறியாக வேண்டும். பருமலின் (பாய் கட்டப்படும் குறுக்குமரத்தின்) அடியில் தொங்கும் கயிற்றின்மேல் நின்று, வயிற்றை மரத்தில் அழுத்திக்கொண்டு, நனைந்து விறைத்த பாயை இரு கைகளாலும் இழுத்துச் சுருட்டினர். பிடி தவறி விழுந்து இறந்தவரின் உடைமைகள் பெரும்பாலும் கப்பலிலேயே ஏலம் விடப்பட்டு, அத்தொகை அவருடைய சம்பளக் கணக்கோடு சேர்க்கப்பட்டது.

பத்திரத்தின் பத்திகளுள் தேடலுக்கு மிகுதியும் உதவுவது ‘முந்தைய கப்பல்’ என்பதே. வயதைக் கூட்டியோ குறைத்தோ சொன்னவர் உண்டு. பிறந்த ஊருக்குப் பதிலாக அருகிலுள்ள துறைமுகத்தைச் சொன்னவரும் உண்டு. ஆகவே ஒரு பத்திரத்தை மட்டும் நம்பாது, அது காட்டும் முந்தைய கப்பலின் பத்திரத்தை எடுத்து, கையெழுத்தையும் விடுவிக்கப்பட்ட நாளையும் ஒப்பிட்டு, அங்கிருந்து அதற்கும் முந்தைய கப்பலுக்குப் பின்னோக்கிச் செல்வதே முறையாகும்.