ஆறரை மணிக்கு எங்கே இருந்தீங்க?

கிராம நிகழ்ச்சி தயாரிக்க வந்த புதிதில் நான் நேயர் கடிதங்களை நம்பித்தான் வேலை செய்தேன். வாரம் தவறாமல் அஞ்சலட்டைகள் வரும். ‘நிகழ்ச்சி மிக அருமை, பயனுள்ளதாக இருந்தது’ என்று அழகான கையெழுத்தில் இருக்கும். மனசு நிறைந்துவிடும். கொஞ்ச காலம் போனதும் அந்தக் கையெழுத்துகள் எனக்குப் பழகிப்போயின. பெயரைப் பார்க்காமலே யார் எழுதியது என்று சொல்லிவிடுவேன். அவர்கள் அன்பானவர்கள், வானொலியை உயிராக நினைப்பவர்கள். ஆனால் கடிதம் எழுதாத மற்ற வீடுகளில் என்ன நடக்கிறது என்று எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் சேலம் மாவட்டத்துக் கெங்கவல்லிப் பக்கம் போனேன்.

பச்சைமலை அடிவாரமும் சுவேத நதியும் சேர்ந்த பூமி அது. குச்சிக்கிழங்கு, மக்காச்சோளம், மஞ்சள், இடையிடையே பாக்குத் தோப்பு. மரவள்ளி என்று நாங்கள் வானொலியில் சொல்வோம். அங்கே யாரைக் கேட்டாலும் குச்சிக்கிழங்குதான். முதல் நாளே கற்ற பாடம் இது.

கையில் அச்சடித்த வினாத்தாள் கொண்டு போயிருந்தேன். நிகழ்ச்சி கேட்பீர்களா, பிடித்திருக்கிறதா, எது அதிகம் பிடிக்கும் என்ற கேள்விகள். “கேப்போமுங்க, நல்லாத்தானுங்க இருக்குது” என்றே வீடு வீடாகப் பதில் வந்தது. வாசலுக்கு வந்தவரை மனம் நோகப் பேசக்கூடாது என்று வளர்ந்த ஜனங்கள். மோர் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, நிகழ்ச்சி சரியில்லை என்று எப்படிச் சொல்வார்கள்?

ஒரு வீட்டில், கொஞ்சம் போட்டுக் காட்டுங்களேன் என்று கேட்டேன். அந்த அம்மா அலமாரி மேலிருந்த ரேடியோவை எடுத்து முந்தானையால் துடைத்தார். பின்மூடியைத் திறந்தால் உள்ளே பேட்டரி இல்லை. “கடிகாரத்துக்குப் போட்டுட்டேன் கண்ணு” என்றார். சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. ரேடியோவை அவருக்குப் பிடிக்கும். ஆனால் அவர் நாளுக்குள் நேரம் காட்டும் வேலை பெரியது, எங்கள் நிகழ்ச்சி சிறியது.

வினாத்தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். அந்த அம்மாவிடம் நிகழ்ச்சியைப் பற்றிய பேச்சையே எடுக்காமல், நேற்று விடிந்ததிலிருந்து படுக்கிற வரை என்ன செய்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். சாணி அள்ளியது, காட்டுக்குப் போனது, களை வெட்டியது, திரும்பி வந்து மாட்டைப் பிடித்துக் கட்டியது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஆறரை மணிக்கு எங்கே இருந்தீங்க என்றேன். “அப்பத்தானே பால் சொசைட்டியில நிப்பேன்” என்றார். பெண்களுக்கென்று நாங்கள் பார்த்துப் பார்த்துத் தயாரித்த பகுதி, அவர்கள் பால் கேனோடு வரிசையில் நின்ற நேரத்தில் காற்றில் போயிருக்கிறது.

கேட்பவரிடமே போய்த் தெரிந்துகொள்ளும் இந்த வேலைக்கு நம் நாட்டில் நல்ல முன்னோடி உண்டு. 1956இல் அன்றைய பம்பாய் மாநிலத்தில், புனே வட்டாரத்து 5 மாவட்டங்களில் யுனெஸ்கோ துணையோடு வானொலி உழவர் மன்றங்களை அகில இந்திய வானொலி நடத்திப் பார்த்தது. வாரம் 2 நாள், அரை மணி நேர நிகழ்ச்சி. ஊரார் ஒன்றாக உட்கார்ந்து கேட்பார்கள், பிறகு பேசுவார்கள், சந்தேகங்களை நிலையத்துக்கே எழுதி அனுப்புவார்கள். பால் நியூராத் என்ற சமூகவியலாளர் மன்றம் உள்ள ஊர்களையும் இல்லாத ஊர்களையும் முன்னும் பின்னும் ஒப்பிட்டு ஆய்வு செய்தார். மன்றம் இருந்த ஊர்களில்தான் விவசாய அறிவு அதிகம் வளர்ந்திருந்தது. நம் பக்கம் தஞ்சாவூரில் ஆடுதுறை 27 ரகத்துக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வந்தது. அந்த விதையின் செய்தி வானொலி வழியாகவே வயல்களுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு நெல்லுக்கு நம் தொழிலின் பெயரை உழவர்களே வைத்தார்கள் என்பதை இன்று நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கும்.

கெங்கவல்லியில் எனக்குக் கிடைத்த பெரிய கண்டுபிடிப்பு இரவில்தான். மலையடிவாரத்துக் காடுகளில் காட்டுப்பன்றி இறங்கிக் கிழங்கைத் தோண்டிப் போட்டுவிடும். அதற்குக் காவல் இருப்பவர்கள் பரணில் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். மனிதக் குரல் கேட்டால் பன்றி தயங்கும் என்பது அவர்கள் கணக்கு. த்ரீ ஃபேஸ் கரண்டுக்காக மோட்டார் கொட்டகையில் விழித்திருப்பவர்களும் அப்படித்தான். எங்கள் மிகச் சிறந்த நேயர்கள் அவர்கள். நாங்களோ விவசாயப் பேச்சை முடித்து, சினிமாப் பாட்டைப் போட்ட பிறகுதான் அவர்கள் ரேடியோவைத் திருகுகிறார்கள். திரும்பி வந்து வாதாடி, மாலை நிகழ்ச்சிக்கு இரவில் மறு ஒலிபரப்பு வாங்கினேன்.

நேரம் கிடைத்த பிறகு, அடுத்த சிக்கல் சொல். நாங்கள் கிழங்கு விலையை டன் கணக்கில் வாசிப்போம். அங்கே மில்லுக்குக் கிழங்கு போடுகிறவர் கேட்பது ‘பாயிண்ட் என்ன விலை’ என்பதை. கிழங்கைத் தண்ணீருக்குள் எடை போட்டு மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்த்து, அதை வைத்துத்தான் பணம் தருவார்கள். பாயிண்ட் சொல்லாத விலை அவருக்குப் பாதி விலைதான்.

மாவுப்பூச்சிக் கதையை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் மரவள்ளி மாவுப்பூச்சி சேலம், நாமக்கல் காடுகளில் குருத்தைச் சுருட்டிப் போட்டுவிட்டது. ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒரு சின்னஞ்சிறு குளவியை வரவழைத்து வளர்த்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டார்கள். அந்தக் குளவி மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும். புழு உள்ளேயே தின்று வளரும். அறிவியல் நூல்படி ‘ஒட்டுண்ணி’ என்று எழுதி நிகழ்ச்சியைத் தயாரித்தேன். ஒலிபரப்பும் முன் கைபேசியில் ஏற்றிப்போய்ப் பாக்குத் தோப்பு நிழலில் நாலு பேருக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு பெரியவர் கையமர்த்தினார். “உண்ணியா? மாட்டுல இருக்கறது பத்தாதுன்னு காட்டுலயும் கொண்டாந்து உடறீங்களா?” என்றார். மாட்டுக்கார ஊரில் உண்ணி என்றால் ஒரே அர்த்தம்தான்.

‘குளவி’ என்று மாற்றினேன். கொட்டாதா என்று அடுத்த கேள்வி வந்தது. ‘கொசுவைவிடச் சின்னது, ஆளைக் கொட்டாது’ என்ற வரி அப்படித்தான் நிகழ்ச்சிக்குள் நுழைந்தது. அதற்குப் பிறகே, குளவி விட்ட காட்டில் மருந்து அடிக்காதீர்கள், அடித்தால் குளவியும் சாகும் என்ற முக்கியமான செய்தி காதில் ஏறியது. அந்த அரை மணி நேரச் சோதனை இல்லாமல் போயிருந்தால், குளவியைக் காக்கச் சொன்ன நிகழ்ச்சியே அதைக் கொல்லச் சொன்னதாக முடிந்திருக்கும்.

இலங்கையில் 1981இல் தொடங்கிய மகாவலி சமூக வானொலியின் தயாரிப்பாளர்கள் குடியேற்றக் கிராமங்களில் சில நாட்கள் தங்கி, ஊராரோடு உண்டு உறங்கித்தான் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்தார்கள். அவர்கள் தனியாக ஒரு ஆய்வு நடத்தத் தேவையே இருக்கவில்லை என்று எனக்குத் தோன்றும். எங்களுக்கு அத்தனை நாட்கள் கிடைப்பதில்லை. கிடைக்கிற ஒரு சாயங்காலத்தையாவது நிகழ்ச்சி ஒலிபரப்பாகும் அதே நேரத்தில், கேட்பவர் பக்கத்தில் உட்கார்ந்து கழிக்க வேண்டும். எந்த வார்த்தையில் அவர் எழுந்து போகிறார் என்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அஞ்சலட்டை எழுதும்போது ‘அருமை’ என்பதோடு நிறுத்தாதீர்கள். அந்த நேரத்தில் எங்கே இருந்தீர்கள், கையில் என்ன வேலை இருந்தது, எந்த இடத்தில் ரேடியோவை அணைத்தீர்கள் என்று எழுதுங்கள். அணைத்தேன் என்று எழுதுகிற அட்டையைத்தான் நான் முதலில் படிப்பேன்.