பேலட் கட்டையில் ஒரு கொல்லை

ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துப் பிள்ளைப்பாக்கத்தில் நான் பார்க்கப் போன வீட்டின் மனை, ஒரு காலத்தில் ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த நிலம். மனை பிரித்தபோது மூன்றடி உயரத்துக்குச் சவுடும் கிராவலும் கொட்டி இறுக்கியிருக்கிறார்கள். கடப்பாரை போட்டால் 'ணங்' என்று எகிறுகிறது. ஐப்பசி மழையில் தண்ணீர் இறங்காமல் தேங்கும்; சித்திரை வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். அந்த மனையில் இன்று கத்தரியும் வெண்டையும் காய்க்கின்றன. தரையில் அல்ல, தரைக்கு மேல் ஓரடி உயரத்தில்.

இந்த மேட்டுப்பாத்திகளைக் கட்டுபவர் ஐம்பது வயது தாண்டிய ஓர் அக்கா. மாமனார் காலத்து நிலம் கைவிட்டுப் போன பிறகு ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் காய் நறுக்கினார். இப்போது அவரும் கணவரும் சுற்றுவட்டாரத்து வீடுகளுக்குப் பாத்தி கட்டி, மண் நிரப்பி, நாற்று நட்டுக் கொடுக்கிறார்கள். கூலிக்குச் செய்கிற வேலைதான் என்றாலும் விவசாயி என்றே தன்னைச் சொல்லிக்கொள்கிறார். அதுதான் சரி.

பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ கார் வெளிவந்தது. அதன்பின் ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை கார், கைப்பேசி, கண்ணாடி, டயர் என்று ஆலைகள் வரிசை கட்டின. பிள்ளைப்பாக்கத்திலும் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. ஆலைகளுக்கு உதிரிப் பாகங்கள் பெரும்பாலும் பேலட்டுகளின் மேல், அதாவது சரக்கு அடுக்கும் மரத் தட்டுகளின் மேல், வந்து இறங்குகின்றன. சரக்கு இறங்கியதும் உடைந்த பேலட்டுகள் காயலான் கடைக்குப் போய்விடும். அக்காவின் வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கடையின் பின்பக்கம் ஆளுயரத்துக்குக் கட்டைகள் குவிந்திருந்தன. ஒவ்வொரு பேலட்டாகப் புரட்டி, முந்தானையால் தூசியைத் துடைத்து, மூலைக் கட்டையில் எதையோ தேடினார்.

"கதிர் மாதிரி ஒரு முத்திரை இருக்கும் பாருங்க தம்பி. பக்கத்துல எச்.டி.ன்னு போட்டிருந்தா எடுப்பேன். எம்.பி.ன்னா தொடமாட்டேன். முத்திரையே இல்லன்னாலும் வேணாம்."

கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் மகன் சொல்லிக்கொடுத்த பாடமாம். பாடம் முற்றிலும் சரி. நாடு விட்டு நாடு போகும் மரக்கட்டையில் பூச்சி ஒட்டிக்கொண்டு போகாமல் இருக்க உலக அளவில் ஒரு விதி இருக்கிறது. மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் சூடேறி, 30 நிமிடம் அப்படியே இருந்தால் அதற்கு எச்.டி. முத்திரை. மெத்தில் புரோமைடு என்ற நச்சுப்புகை போட்டிருந்தால் எம்.பி. முத்திரை. சாப்பிடும் கீரைக்குப் பக்கத்தில் இரண்டாவது வகைக் கட்டை வேண்டாம். முத்திரை சரியாக இருந்தாலும் அக்கா மோந்து பார்க்கிறார். எண்ணெய்க் கறையோ தின்னர் வாடையோ இருந்தால் ஒதுக்கிவிடுகிறார். செடி வைக்க வாங்கும் நீல நிற டிரம்முக்கும் இதே கண்டிப்பு. "இதுல முன்ன இன்னா இருந்துச்சு?" என்று கேட்பார்; கடைக்காரர் மழுப்பினால், விலை எவ்வளவு குறைத்தாலும் வாங்குவதில்லை.

எடுத்த கட்டையைப் பிரித்து மூன்றடி அகலம், நான்கடி நீளம், ஓரடி உயரத்தில் சட்டம் அடிக்கிறார்கள். அகலம் ஏன் மூன்றடி என்றால், இரு பக்கமும் நின்று கை நீட்டினால் நடுப்பகுதி எட்ட வேண்டும். பாத்திக்குள் கால் வைத்தால் மண் இறுகிவிடும். கரையான் ஏறாமல் சட்டம் செங்கல் மேல் உட்காருகிறது. உள்ளே பழைய சாக்கைத் துளையிட்டு விரிக்கிறார்கள்.

மண் கலப்பதுதான் உயிர்நாடி. தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, கூடவே சில கை வேப்பம் பிண்ணாக்கு. நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து, பழுப்பு நிறம் போகும்வரை அலசிப் பிழிகிறார். நாரில் தங்கியிருக்கும் உப்பு போகாவிட்டால் நாற்றின் இலை ஓரம் கருகும். கலவையை ஒரு பிடி எடுத்து அழுத்திக் காட்டினார். பிடித்த வடிவம் நின்றது. விரலிடுக்கில் ஓரிரு சொட்டு மட்டும் கசிந்தது. "இதுதான் பதம். ஒழுகினா வேர் அழுகும், உதிர்ந்தா செடி வாடும்."

நார்க்கழிவு சேர்ப்பதற்கு இன்னொரு காரணம் எடை. ஓரடி உயரப் பாத்தியில் வெறும் மண்ணை நிரப்பி நனைத்தால் அரை டன்னைத் தாண்டும். தரையில் அதனால் பாதகமில்லை. மாடியில் இவ்வளவு பெரிய பாத்தியே போடமாட்டேன் என்கிறார். அங்கே பைகளும் வாளிகளும்தான், அதுவும் சுவரையும் தூணையும் ஒட்டி.

அப்படி ஒரு வாளித் தோட்டம், அடுத்த தெருவில் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட அறைகளின் வாசலில் இருக்கிறது. ஷிஃப்ட் வேலைக்குப் போகும் பெண்கள், 20 லிட்டர் பெயிண்ட் வாளியில் தக்காளியும் மிளகாயும் வெண்டையும் வைத்திருக்கிறார்கள். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், இரவு ஷிஃப்ட் முடித்த கண்களோடு ஒரு வெண்டைச் செடியைக் காட்டினாள். இலை நரம்பெல்லாம் மஞ்சளாக, வலை விரித்ததுபோல் ஓடியிருந்தது.

"மருந்து எதனா இருக்கா அக்கா?"

"இதுக்கு வைத்தியம் இல்ல பாப்பா. மத்ததுக்குத் தொத்தறதுக்குள்ள புடுங்கிடு."

வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் நோய் அது. அந்தப் பெண் ஒரு நொடி தயங்கிவிட்டு வேரோடு பிடுங்கினாள். மிச்சச் செடிகளுக்கு நடுவே ஒட்டுப்பசை தடவிய மஞ்சள் அட்டை ஒன்றைத் தொங்கவிடச் சொன்னார் அக்கா. வேப்பங்கொட்டையை இடித்து, லிட்டருக்கு 50 கிராம் வீதம் இரவு ஊறவைத்து, வடிகட்டிக் கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கவும் சொல்லிக்கொடுத்தார். வேளாண்மைக் கல்லூரியில் சொல்லித்தருவதும் இதேதான்.

அரசும் இந்தப் பக்கம் கவனம் வைத்திருக்கிறது. 2021-ல் தோட்டக்கலைத் துறை 900 ரூபாய் பெறும் மாடித்தோட்டத் தளையை (கிட்) மானியத்தில் 225 ரூபாய்க்குக் கொடுத்தது. ஆறு பை, ஆறு நார்க்கழிவுக் கட்டி, விதைகள், அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா ஆகிய உயிர் உரங்கள், நோய் தடுக்கும் டிரைக்கோடெர்மா, வேப்பெண்ணெய் எல்லாம் அதில் இருந்தன. நல்ல திட்டம். ஆனால் பொருளைக் கொடுத்தால் போதாது. நரம்பு மஞ்சளாகும் நாளில் பக்கத்தில் நின்று "புடுங்கு" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

அப்படிப்பட்ட ஆட்களுக்கு நகரமே வேலை கொடுத்த முன்மாதிரி உண்டு. 1990-களில் சோவியத் ஒன்றியம் உடைந்து உரமும் எரிபொருளும் வெகுவாகக் குறைந்தபோது, கியூபாவின் ஹவானா நகரம் காலி மனைகளில் கான்கிரீட் கட்டைகளை அடுக்கி, மக்கு நிரப்பி, மேட்டுப்பாத்தியில் கீரையும் காயும் விளைவித்தது. அங்கே அது பொழுதுபோக்கு அல்ல, பலருக்குப் பிழைப்பு. விவசாயம் தெரிந்த கைகளுக்கு நகரம் வேலை கொடுத்தது.

நம் தொழில் வழித்தடத்திலும் அந்தக் கைகள் இருக்கின்றன. நிலம் போனாலும் பட்டமும் பதமும் அவர்களுக்கு மறக்கவில்லை. அவர்களைக் காவலுக்கும் கூட்டிப் பெருக்குவதற்கும் மட்டும் அழைப்பது பெரிய வீணடிப்பு. ஆலைகள் சுத்தமான எச்.டி. பேலட்டுகளை ஊராட்சிக்கும் மகளிர் குழுக்களுக்கும் கொடுக்கலாம். தொழிலாளர் விடுதிகள் வெயில் படும் ஓர் ஓரத்தைப் பாத்திக்கு ஒதுக்கி, அதைப் பார்த்துக்கொள்ள இந்த அக்காவைப் போன்றவர்களைச் சம்பளத்துக்கு வைக்கலாம். வீட்டுக்காரர்கள் வாடகை அறையின் வாசலில் நாலு வாளி வைக்க இடம் விடலாம்.

நீங்கள் தொடங்குவதானால் ஆறு மணி நேரமாவது வெயில் விழும் இடமாகப் பாருங்கள். வாளியின் அடியில் நாலு துளை, பக்கவாட்டில் அடியிலிருந்து ஓரங்குலம் மேலே இரண்டு துளை போடுங்கள். முதல் விதை சிறுகீரையாக இருக்கட்டும். 25 நாளில் பறித்துவிடலாம். சந்தேகம் வந்தால் உங்கள் தெருவில் நிலத்தில் பாடுபட்ட ஒருவர் நிச்சயம் இருப்பார், அவரிடம் கேளுங்கள். கேட்டதற்கு உரிய கூலியையும் கொடுங்கள்.