மணி தெரியாத பிள்ளை

அபாகஸ் வகுப்பில் ஒரு கட்டம் வரும். மணிச்சட்டத்தை எடுத்து வைத்துவிடுவோம். பிள்ளைகள் கண்ணை மூடி, மனசுக்குள் சட்டத்தைப் பார்த்து, காற்றில் விரலை அசைத்துக் கூட்ட வேண்டும். எனக்குக் கண்ணை மூடியதும் பளிச்சென்று தெரியும்: மேலே ஐந்துக்கு ஒரு மணி, கீழே ஒன்று ஒன்றாக நான்கு. எல்லோருக்கும் தெரியும் என்றே பாடம் நடத்தினேன்.

ஒரு சிறுமி, "மிஸ், எனக்கு ஒண்ணும் தெரியலை. இருட்டாதான் இருக்கு" என்றாள். கவனம் போதாது என்றேன். அவள் உதடு அசைய, தனக்குள் சொல்லிச் சொல்லியே கூட்டினாள். விடை சரியாக வந்தது. இதை உங்களிடம் மறைக்கக் கூடாது. சரி என்று தெரிந்தேதான் தடுத்தேன். பெற்றோர் செல்போனில் படம் எடுக்க வரும் நாளில் எல்லா விரல்களும் ஒன்றாக அசைய வேண்டும். அதைப் பார்த்துத்தான் அடுத்த சேர்க்கை. "வாயை மூடு" என்றேன். அவள் அம்மாவை அழைத்து, "பொய் சொல்றா, வீட்ல கண்டிச்சு வைங்க" என்றேன்.

பிறகு அவளும் விரலை அசைத்தாள். விடைகள் தப்பின. நடிக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. இருந்தும் மற்றப் பிள்ளைகளைக் கைதட்டச் சொன்னேன். பள்ளியிலும் கணக்கில் மதிப்பெண் குறைகிறது, வாய்க்குள் சொல்லிப் பார்க்கவே கூசுகிறாள் என்று அம்மா வந்து சொன்னார். போகப் போகச் சரியாகும் என்று அனுப்பிவிட்டேன்.

சிலருக்கு மனசில் படமே வராது என்பதை வெகுநாள் கழித்துத்தான் படித்தேன். காலை உணவு மேசையை மனசில் கொண்டுவரச் சொல்லிப் பலரிடம் கேட்டு, 1880இல் ஆங்கிலேய ஆய்வாளர் பிரான்சிஸ் கால்டன் எழுதியிருக்கிறார். அறிவியலாளர்கள் பலர் தங்களுக்கு எதுவும் தெரிவதில்லை என்றார்களாம். மனக்கண் என்பதையே வெறும் பேச்சு என்று நினைத்திருந்தார்களாம். 2015இல் ஆடம் ஸீமனும் உடன் ஆய்ந்தவர்களும் இந்த நிலைக்கு அஃபாண்டேசியா என்று பெயரிட்டார்கள். பிக்சார் அனிமேஷன் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான எட் கேட்மல்லுக்கே மனசில் படம் வராது.

என்னைக் குத்தியது இயற்பியலாளர் ஃபைன்மன் சொன்ன அனுபவம். மனசுக்குள் எண்ணிக்கொண்டே அவரால் படிக்க முடியும், பேச முடியாது. எண்களை உள்ளே குரலாகச் சொல்லிக்கொண்டிருந்தார். புள்ளியியலாளர் ஜான் டூக்கியால் எண்ணிக்கொண்டே பேச முடியும், படிக்க முடியாது. எண்கள் எழுதிய நாடா ஓடுவதை அவர் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். ஃபைன்மன் என் வகுப்புக்கு வந்திருந்தால் அவர் வாயையும் மூடியிருப்பேன்.

படிக்காததால் நேர்ந்தது என்று சொல்லித் தப்பலாம். அது பொய். கால்டன் எதற்கு? அந்தப் பிள்ளையின் விடைத்தாள் போதும். அதை நான் பார்த்திருந்தேன்.

அவள் நின்றுவிட்டாள். மீதிக் கட்டணத்தை அம்மா கேட்டார். திருப்பித் தரும் வழக்கமில்லை என்றேன். பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார்கள். "உங்க பொண்ணு பொய் சொல்லலைங்க" என்று நேரில் போய்ச் சொல்ல வேண்டும். வெளியே தெரிந்தால் சேர்க்கை குறையும் என்ற பயத்தில் இன்னும் போகவில்லை.