"நான்" என்றால் யார்?

அக்கரைப்பற்றிலிருந்து வயல்வெளிகளுக்கூடாகச் சாகாமக் குளத்துக்குப் போயிருக்கிறீர்களா? அந்த வீதியோரம் என் மச்சான் இரண்டு அறைகளை நாள் வாடகைக்கு விடுகிறார். "மௌலவி, தங்க வாற முஸாபிரிடம் அடையாள அட்டை கேட்டால் மரியாதைக் குறைவில்லையா?" என்றார்.

வடக்கே சாய்ந்தமருதை நினைவூட்டினேன். ஸுனாமிக்குப் பின் எழுந்த வொலிவேரியன் கிராமத்தில், 2019 ஏப்ரலில், வாடகை வீடொன்றில் புதுமுகங்கள். அயலவர் சந்தேகித்தனர், விசாரித்தனர், பொலிஸுக்கும் அறிவித்தனர். 26ஆம் திகதி இரவு அவ்வீட்டில் குண்டுகள் வெடித்தன. 6 சிறுவர்கள் உட்பட 15 பேர் மாண்டனர். உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களைத் தாக்கிய கூட்டத்தினரும் அவர்களது குடும்பத்தினருமே உள்ளே இருந்தவர்கள். கேட்கத் துணிந்தவர்களோ நம் ஊர் முஸ்லிம்கள்!

ஜாபிர் (ரலி) அவர்கள் கதவைத் தட்டி, யாரென்று கேட்கப்பட்டபோது "நான்" என்றார்கள். நபி (ஸல்) அவர்களுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. பெயர் சொல்வது வருபவரின் கடமை. கேட்பதில் என்ன வெட்கம்? (முகம் சுளிக்காமல் கேட்க வேண்டும், அது வேறு.)

மச்சான் பதில் பேசவில்லை. கடைக்குப் போய் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி வந்தார். பெயர், அட்டை இலக்கம், வந்த நாள், போகும் நாள் என்று கோடிழுத்தார். அன்றிரவு நான் அங்கேதான் தங்கினேன். முதல் வரியில் என் பெயர்.